அடியில் ஓட்டை போட்ட டிரம்

பயப்படுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. இடி இடித்தால் பயம். போன் விடாமல் அடித்தால் பயம். வீட்டுக்காரர் வேலையிலிருந்து வரக் கொஞ்சம் தாமதமானால் பயம். "உனக்குப் பயப்படாட்டி சோறு எறங்காது லா" என்று அவர் கேலி செய்வார். அவருக்குத் துறைமுகத்தில் கிடங்கு வேலை. கிரேன், கொக்கி, தலைக்கு மேல் தொங்கும் மூட்டை என்று நாள் முழுக்க ஆபத்துக்கு அடியிலேயே நிற்கிறவருக்கு ஒரு பயமும் கிடையாது. எங்கள் வீட்டுக்குத் தேவையான பயம் அத்தனையும் நான் ஒருத்தியே பட்டுக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளில் கிள்ளான் பக்கம் பண்டமாரானில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், பழைய சாமான் கடையில் வேலை பார்த்தேன். கடை என்றால் பலகை மாட்டிய கடை இல்லை. சுற்றிலும் தகர வேலி, உள்ளே இரும்பும் அட்டையும் பிளாஸ்டிக்கும் மலை மலையாய். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி போன்ற அறை. அதற்குள் உட்கார்ந்து, வருகிற லோரிக்கு எடை பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுப்பது என் வேலை. உறவுக்காரர்கள் கேட்டால் ஆபீஸ் வேலை என்றே சொல்லி வைத்திருந்தேன். நாற்காலியும் மின்விசிறியும் இருந்ததால் அது ஒன்றும் பொய்யில்லை.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கம் மறுசுழற்சி, மறுசுழற்சி என்று சொல்லத் தொடங்கியிருந்தது. டிவியில் விளம்பரம். என் மகள் அப்போது ஆரம்பப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படித்தாள். அவளுடைய பள்ளிக்கூடத்தில் கலர் கலராய்த் தொட்டிகள் வைத்தார்கள். தாளுக்கு ஒன்று, போத்தலுக்கு ஒன்று, டின்னுக்கு ஒன்று. ஒருநாள் அவள் முகம் தொங்கிப் போய் வந்தாள். "அம்மா, எல்லாத் தொட்டியையும் ஒரே லோரில கொட்டிட்டுப் போறாங்கமா" என்றாள். பிள்ளைகள் வீட்டிலிருந்து கழுவித் துடைத்துக் கொண்டுபோன போத்தல்கள் சோற்றுக் குப்பையோடு கலந்து போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். நாடு முழுக்க அப்படியா, அந்த ஒரு பள்ளிக்கூடத்தில் மட்டும்தானா, எனக்குத் தெரியாது. ஆனால் தொட்டி வைப்பது சுலபம், தொட்டிக்கு அப்புறம் என்ன என்பதுதான் கஷ்டம் என்பது எங்கள் கடையில் உட்கார்ந்திருந்த எனக்கு நன்றாகவே தெரியும்.

ஏனென்றால், யாரும் திட்டம் போடாமல், யாரும் திறப்பு விழா நடத்தாமல், எங்கள் நாட்டில் வேறொரு மறுசுழற்சி எத்தனையோ வருஷமாய் நடந்துகொண்டிருந்தது. "பேப்பர் லாமா... சூராட் காபார் லாமா..." என்று பழைய பேப்பர் கேட்டு ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் லோரியைத் தெரியாத வீடு கிள்ளானில் கிடையாது, பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியிலும் கிடையாது. படிக்கட்டுக்கு அடியில் சேர்த்து வைத்த பழைய பேப்பர், உடைந்த காற்றாடி, செத்துப்போன கார் பேட்டரி எல்லாம் அதில் ஏறும். அந்த லோரிக்காரர் எங்களைப் போன்ற கடைக்கு வருவார். நாங்கள் தரம் பிரித்துப் பெரிய கடைக்கு அனுப்புவோம். அங்கிருந்து இரும்பு உருக்காலைக்கும், அட்டை காகித ஆலைக்கும், பிளாஸ்டிக் அரவை மில்லுக்கும் போகும். போன வருஷம் நம் வீட்டை விட்டுப் போன வாளி, இந்த வருஷம் வேறு கலரில் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் தொங்கும். பேரம் பேசி வாங்கி வருவோம்.

இதன் நல்லது இதுதான்: ஒரு பொருளுக்கு விலை இருக்கும்வரை அது வழி கண்டுபிடித்துப் போய்ச் சேர்ந்துவிடும். சட்டம் வேண்டாம், அதிகாரி வேண்டாம். ஒரு செம்புக் கம்பி சாக்கடையில் விழுந்தாலும் சாயங்காலத்துக்குள் எங்கள் தராசுக்கு வந்துவிடும். கெட்டதும் அதே இடத்தில்தான் இருந்தது. விலை இல்லாத பொருள் யார் கண்ணுக்கும் படாது. பேப்பர் விலை இறங்கினால் கூவிக்கொண்டு வந்த லோரி வாயை மூடிக்கொண்டு போய்விடும். கண்ணாடிப் போத்தலை யாரும் சீண்டமாட்டார்கள். டார்ச்லைட் பேட்டரியும் உடைந்த பல்பும் ஆற்றோரம் போகும்.

எனக்குப் பயம் தந்தது இதெல்லாம் இல்லை. எங்கள் கேட்டுக்குள் நுழைகிற பொருளின் பழைய கதையை யாரும் கேட்கமாட்டார்கள். அதுதான் பயம். எங்கிருந்து வந்தாய், உனக்குள் என்ன இருந்தது என்று கேட்க ஆள் கிடையாது. எவ்வளவு எடை என்று மட்டும் நான் கேட்பேன். அதுவும் எனக்கு அதற்குத்தான் சம்பளம் என்பதால்.

இந்தக் கேள்வி கேட்காத பழக்கம் டிரம் விஷயத்தில்தான் ஆளைக் கொல்லும். ஆள் உயரத்தில் பாதிக்கும் மேலே வருகிற நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்மைச் சொல்கிறேன். குழாயில் அடிக்கடி தண்ணீர் நின்றுபோன காலம் அது. பண்டமாரானில் டிரம் இல்லாத குளியலறை இருக்காது. எங்கள் கடைக்கு டிரம் வந்தால், லேபிளைச் சுரண்டி, காஸ்டிக் சோடா போட்டுக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைப்போம். நல்லதைத் தண்ணீர் பிடிக்க வாங்கிப் போவார்கள். எவ்வளவு கழுவியும் வாடை போகாத டிரம் சிலது இருக்கும். அதைத் தவுக்கே தனியே தள்ளிவிடுவார். "இனி தா போலே ஈசி ஆயேர்" என்பார், இதில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று. வேலையாள் ஓர் இரும்புக் கம்பியைக் காய்ச்சி அதன் அடியில் ஒரு ஓட்டை போட்டுவிடுவார். ஓட்டை விழுந்த டிரம் அரவை மில்லுக்குத்தான் போகவேண்டும். யாரும் எழுதி வைத்த விதியில்லை. கடைக்காரர்களுக்குள் அப்படி ஒரு வழக்கம்.

அந்த ஓட்டை போடும் சத்தம் கேட்டால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். நான் ஜெஞ்சாரோம் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பிறந்தவள். களைக்கொல்லி என்ன செய்யும் என்று சின்ன வயதிலேயே பார்த்தவள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒரு அக்கா புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு அதை ஒரு வாய் குடித்தாள். குடித்துவிட்டு வாந்தி எடுத்தாள், பிறகு எழுந்து உட்கார்ந்து எல்லோரோடும் பேசினாள். பிழைத்துக்கொண்டாள் என்று என் அம்மா கஞ்சி வைத்துக் கொடுத்தார். மறுநாள் வாயெல்லாம் புண். அதற்கப்புறம் மூச்சு விட முடியாமல், தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே, நல்ல நினைவோடு செத்துப்போனாள். அவள் பேசிக்கொண்டிருந்த அந்த நாளைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. செத்துக்கொண்டிருக்கிறோம் என்பதே தெரியாமல் சிரித்தாள்.

எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்மன் கோயில். வருஷா வருஷம் திருவிழாவில் என் வீட்டுக்காரரும் அவருடைய துறைமுகக் கூட்டாளிகளும் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். வெயிலில் பால்குடம் எடுத்து வருகிறவர்களுக்கு மோர். அந்த வருஷம் கூட்டம் அதிகம் வரும் என்று பேச்சு. அண்டா போதாது என்று எங்கிருந்தோ இரண்டு நீல டிரம் கொண்டுவந்திருந்தார்கள். நான் காலையில் மகளோடு போனபோது டிரம் இரண்டும் பலகைமேல் நின்றன. மஞ்சள் தண்ணீரில் கழுவி, வேப்பிலை போட்டு ஊறவைத்து, கற்பூரம் காட்டி, உடம்பில் மூன்று பட்டைத் திருநீறும் நடுவில் குங்குமமும் வைத்து, பார்க்கவே பக்தியாக இருந்தது. எந்த வீட்டில்தான் நீல டிரம் இல்லை? நான் ஒன்றும் நினைக்கவில்லை. அரிவாள்மணையை எடுத்துப் போட்டுக்கொண்டு பச்சை மிளகாய் நறுக்க உட்கார்ந்தேன்.

மதியத்துக்கு முன்பே முதல் டிரம் காலியாகிவிட்டது. நல்ல புளிப்பு மோர், இஞ்சி போட்டது. என் மகள் தம்ளர் தம்ளராக வாங்கிக் குடித்துவிட்டு, மேலுதட்டில் வெள்ளை மீசையோடு ஓடிக்கொண்டிருந்தாள். அடியில் மிச்சம் இருப்பதை மொண்டெடுக்க இரண்டு பேர் டிரம்மைச் சாய்த்தார்கள். நான் தரையில் உட்கார்ந்திருந்ததால் அதன் அடிப்பக்கம் என் கண்ணுக்கு நேரே வந்தது. அங்கே வட்டமாக ஒரு ஒட்டு. மற்ற நீலத்தைவிடக் கொஞ்சம் கறுத்த நீலம். அந்த வட்டத்தின் அளவு எனக்குத் தெரியும். எங்கள் கடைக் கம்பியின் அளவு அது.

அரிவாள்மணையைத் தள்ளிவிட்டு எழுந்தேன். முதலில் ஓடி மகளைப் பிடித்து இழுத்தேன். அப்புறம்தான் கத்தினேன். "குடுக்காதீங்க! இந்த மோர யாருக்கும் குடுக்காதீங்க!"

கூட்டாளிகளில் ஒரு அண்ணன் துறைமுகப் பட்டறையில் வெல்டிங் செய்கிறவர். கைராசிக்காரர். தெருவில் எது உடைந்தாலும் அவரிடம்தான் போகும். அவர் சிரித்துக்கொண்டே வந்தார். "என்னாமா, ஒழுகுதா? நான் ஒட்டுனது ஒரு சொட்டு ஒழுகாது. பழைய டிரம் துண்ட உருக்கி ஊத்திருக்கேன்."

"ஒழுகறது இல்லண்ணே. அந்த ஓட்டய எதுக்குப் போட்டாங்கன்னு தெரியுமா?"

"ஓட்டையா இருந்ததாலதான் சும்மா குடுத்தான். மில்லுக்குப் போற லோரிக்காரன்கிட்ட கேட்டோம், கோயிலுக்குன்னு சொன்னதும் ரெண்டயும் எறக்கிக் குடுத்துட்டுப் போயிட்டான். நல்ல சாமான எதுக்குமா அரைக்கணும்? அதான் சாமிக்கு ஆகட்டும்னு எடுத்தோம்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியாது. வீணாகப் போகிற ஒன்றை எடுத்து, உழைத்துச் சரிசெய்து, நல்ல காரியத்துக்குக் கொடுத்திருக்கிறார். என் மகளின் பள்ளிக்கூடத்தில் இதைத்தானே சொல்லிக் கொடுத்தார்கள்! அது விஷ டிரம், அதைத் தண்ணீருக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதற்காகவே ஓட்டை போடுகிறோம் என்று நான் திணறித் திணறிச் சொன்னேன். "மஞ்ச போட்டுக் கழுவிருக்கோம்மா, வேப்பில போட்டு ஊற வச்சிருக்கோம், அதுக்குமேல என்ன விஷம்?" என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். என் வீட்டுக்காரர் கூட்டாளிகள் முன்னால் கூனிக்குறுகிப்போய், "சும்மா இருடி, எதுக்கெடுத்தாலும் பயம். போ, புள்ளய பாரு" என்று பல்லைக் கடித்தார்.

அதற்குள் ஒருவர் இரண்டாவது டிரம்மின் மூடியைத் திறந்துவிட்டார். பால்குடம் எடுத்த பெண்கள் ஈர மஞ்சள் சேலையோடு தம்ளரை நீட்டிக்கொண்டு நின்றார்கள். எனக்கு அந்த எஸ்டேட் அக்காவின் சிரிப்புதான் தெரிந்தது. ஓடிப்போய் அந்த டிரம்மை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினேன். எனக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. டிரம் பலகையிலிருந்து சரிந்து விழுந்தது. தெருவெல்லாம் மோர்.

மேளம்கூட நின்றுவிட்டது. என் தலைமுடி அவிழ்ந்து முகத்தில் விழுந்திருந்தது. உடம்பு கிடுகிடுவென்று ஆடியது, பல் கிட்டிக்கொண்டது. அடிக்க வருவார்கள் என்றுதான் நினைத்தேன். கோயில் வேலைகளை முன்னின்று பார்க்கிற ஒரு அக்கா கையை உயர்த்திக் கும்பிட்டார். "அம்மன் எறங்கிட்டா! தாயே!" என்று கத்தினார்.

எல்லாரும் தடதடவென்று விழுந்து கும்பிட்டார்கள். யாரோ என் நெற்றியில் திருநீறு அப்பினார்கள், வாயில் எலுமிச்சம்பழத்தைத் திணித்தார்கள். வெல்டிங் அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் வீட்டுக்காரரும் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். அம்மன் இல்லை, நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "என்ன கொறம்மா? சொல்லு தாயே!" என்றார் அந்த அக்கா. எனக்குள் ஏதோ ஒன்று சுதாரித்துக்கொண்டது. "இந்த டிரம் வேணாம். அண்டாவுல குடுங்க" என்றேன். எடைச் சீட்டு எழுதுகிறவள் தொண்டை கிழியச் சொன்னபோது ஒரு காதிலும் ஏறாத பேச்சு, இப்போது உடனே நடந்தது. அண்டா வந்தது. புது மோர் வந்தது. மேளம் மறுபடி அடித்தது.

நான் மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி, டாக்ஸி பிடித்துக் கிள்ளானில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். வீட்டுக்காரரும் பின்னாலேயே வந்தார். வழியில் உண்மையைச் சொன்னேன். நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை. "டி" போட்டுப் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். "டிரம்முல முன்னாடி என்ன இருந்துச்சு?"

"தெரியாது டாக்டர்."

"களைக்கொல்லியா? ஆசிட்டா? பசையா? என்னன்னு தெரிஞ்சாத்தான் என்ன செய்றதுன்னு சொல்ல முடியும்."

"தெரியாது."

எனக்கு அழுகையாக வந்தது. எத்தனை டிரம்முக்கு எடை போட்டிருக்கிறேன், ஒன்றுக்காவது அதை நான் கேட்டதுண்டா? நன்றாகக் கழுவியிருந்தால் ஒன்றும் ஆகாமலும் போகலாம் என்றார் டாக்டர். வாயைத் தினமும் பாருங்கள், புண் தெரிந்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்றார். பந்தலில் குடித்தவர்களில் யாருக்காவது ஏதாவது ஆனதாக நான் பிற்பாடு கேள்விப்படவில்லை. கேள்விப்படாதது வேறு, ஆகாதது வேறு.

மறுநாள் காலையில் முதல் வேலையாக மகளை வெளிச்சத்தில் நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். புண் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. கடைக்குப் போய்த் தவுக்கேயிடம் கேட்டேன். அவர் கெட்ட மனுஷர் இல்லை. அது ஜெஞ்சாரோம் பக்கத்துக் கடை ஒன்றிலிருந்து வந்த சரக்காக இருக்கலாம் என்றார். அந்தக் கடைக்குப் போன் போட்டார். அவர்கள் ஒரு லோரிக்காரரிடம் வாங்கியதாம். அந்த லோரிக்காரர் எங்கே வாங்கினார் என்பது அவருக்கே ஞாபகம் இருக்காதாம். போனை வைத்துவிட்டுத் தவுக்கே கையை விரித்தார். எங்கிருந்தோ எங்கள் கேட்டுவரை எத்தனையோ கை மாறி வந்திருக்கிறது. உள்ளே என்ன இருந்தது என்று எந்தக் கையும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததால்தான் எல்லாம் இவ்வளவு சுலபமாக நடந்துகொண்டிருந்தது.

அந்த இரண்டு டிரம்மையும் என் கண்முன்னால் அரவைக்கு அனுப்பினால்தான் எனக்குத் தூக்கம் வரும் என்று நினைத்து, கோயிலுக்கு ஓடினேன். பின்பக்கம் ஒன்றுதான் கிடந்தது. நான் தள்ளிவிட்ட டிரம்மைக் காணோம். முன்னின்று பார்க்கிற அந்த அக்கா தேங்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"அது அம்மன் கைபட்ட டிரம்மாச்சே! கடைசி வரிசை வீட்டுல ஒரு பொண்ணு நேத்தே கெஞ்சிக் கேட்டு வாங்கிட்டுப் போயிருச்சு. பச்சப் புள்ளக்காரி. தண்ணி வர்றதில்ல, கஷ்டப்படுது."

வேண்டாம் என்று அம்மன் சொன்னது பந்தலுக்குத்தான், வீட்டுக்கு இல்லை என்று இவர்களாகவே முடிவு செய்திருக்கிறார்கள். நல்ல சாமானை யார்தான் தூக்கிப் போடுவார்கள்? எங்கள் ஊரில் ஒரு பொருள் குப்பையாக ஆவது அவ்வளவு லேசில்லை. விஷம் என்று தெரியாதவரை ஒரு விலை, சாமி தொட்டது என்று தெரிந்ததும் இன்னொரு விலை.

அந்தப் பெண்ணின் வீட்டை விசாரித்துக்கொண்டு ஓடினேன். கதவு திறந்திருந்தது. சமையலறையில் டிரம் நின்றது; புதிதாகத் திருநீறு பூசி, ஒரு முழம் மல்லிகைப் பூ சுற்றி, வாய்வரை தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். பக்கத்தில் அடுப்பில் ஒரு சட்டியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பால் மாவு டின் திறந்து கிடந்தது. அந்தப் பெண்ணுக்கு இருபது வயதுக்கு மேல் இருக்காது. புருஷனும் வீட்டிலிருந்தான். குழந்தை பார்க்க வந்த சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் கூடத்தில் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவள் பரபரத்துப் போய் என் காலைத் தொட வந்தாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அது எங்கள் கடை டிரம் என்று சொன்னேன். ஓட்டை எதற்கு என்று சொன்னேன். நேற்று அம்மன் வரவில்லை, நான்தான் பயத்தில் தள்ளிவிட்டேன் என்று சத்தியம் செய்தேன். அவள் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டாள். பிறகு சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல அன்பாகச் சொன்னாள். "அக்கா, சாமி எறங்குனது எறங்குனவங்களுக்கே தெரியாதுக்கா. எங்க சித்திக்கும் அப்படித்தான், ஒன்னுமே ஞாபகம் இருக்காது."

புது டிரம் வாங்கித் தருகிறேன் என்றேன். "சாமி குடுத்தத மாத்தலாமாக்கா?" என்றாள். டிரம்மைத் தள்ளப் போனேன். அவள் புருஷன் மரியாதையாகக் குறுக்கே வந்து நின்றுகொண்டான். அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. கூடத்தில் குழந்தை பசித்து அழ ஆரம்பித்தது. அவள் பால் மாவு டின்னை எடுத்தாள்.

எனக்குத் தெரிந்து ஒரே வழிதான் பாக்கியிருந்தது. அதை நினைத்ததும் எனக்கு விஷத்தைவிடப் பயமாக இருந்தது. நான் அம்மனை நம்புகிறவள். பொய்ச்சாமி ஆடினால் கண் அவிந்துபோகும், பெற்ற பிள்ளையைச் சாமி பலி கேட்கும் என்று எஸ்டேட்டில் கேட்டு வளர்ந்தவள். என் பிள்ளை வாயில் இன்னும் புண் வரவில்லை. வராமல் இருக்கவேண்டும் என்று காலையில்தான் அம்மனிடம் வேண்டிக்கொண்டு வந்திருக்கிறேன். அவளிடமே இப்படி ஒரு திருட்டா? தாயே, கேட்பதானால் என்னைக் கேள், என் பிள்ளையை விட்டுவிடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கொண்டை ஊசியை உருவினேன்.

முடியை விரித்துவிட்டுத் தலையை ஆட்டினேன். நேற்று பயத்தில் தானாக வந்த நடுக்கம் இன்று வரவில்லை, வரவழைத்தேன். கத்திய குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "நான் வேணாம்னு சொன்னத ஏன்டி எடுத்தே?"

அவள் கையிலிருந்த டின் விழுந்தது. "வெட்டுடா அத!" என்றேன். அவள் புருஷன் பாராங் கத்தியை எடுத்து வந்து டிரம்மை வெட்டினான். தண்ணீர் சமையலறையெல்லாம் ஓடிக் கூடத்துக்கு வந்தது. அடுப்புத் தண்ணீரையும் கொட்டச் சொன்னேன். கொட்டினார்கள். கடைசியாக அந்தப் பெண் அழுதுகொண்டே குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் கிடத்தினாள். "தெரியாம செஞ்சிட்டோம் தாயே. புள்ளய தொட்டு ஆசீர்வாதம் பண்ணு."

நெற்றியில் திருநீறு வைத்தேன். பிறகு சுண்டுவிரலால் அதன் கீழுதட்டை மெல்ல இறக்கி வாய்க்குள் பார்த்தேன். ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்பக்கம். எல்லாம் நல்ல சிவப்பாக இருந்தது. புண் இல்லை. இன்றைக்கு இல்லை. உள்ளே இருந்தது என்னவென்றே தெரியாதபோது, எத்தனை நாள் பார்த்தால் போதும் என்று யாரிடம் கேட்பது? குழந்தை என் விரலைச் சப்பத் தொடங்கியது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை, வாய்விட்டு அழுதுவிட்டேன். அம்மனே அழுகிறாள் என்று அந்த வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைச் சுற்றி உட்கார்ந்து என்னோடு சேர்ந்து அழுதார்கள்.